ஆமென் வரைக்கும் காற்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நான் என் பைக்குக்கு அடியில் படுத்திருந்தேன்.

ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்களா? உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. விழுந்து கிடந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்திருந்தாலாவது வெளியே சொல்ல ஒரு கௌரவம் இருக்கும். நான் விழுந்தது நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து. வேகம் பூஜ்யம். மீட்டரே அப்படித்தான் காட்டியது.

இடம், தேரி. தாமிரபரணிக்குத் தெற்கே வாழைத்தோட்டங்கள் முடிந்த பிறகு, கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடும் பள்ளமுமாகக் கிடக்குமே, அது. நடுநடுவே முள் அடர்ந்த உடைமரம். என் தலையில் ஹெல்மெட், நெஞ்சில் கவசம், முழங்காலில் கவசம், முழங்கையில் கவசம். அதனால் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

முதுகில் மாட்டிய பையில் ஒரு கவர் இருந்தது. அந்தக் கவருக்குள் என் அக்கா மகளுடைய கல்யாணம் இருந்தது.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்கள், ‘மறுபடியும் அந்த பைக்கா?’ என்று பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பிசிக்ஸ். ஐம்பது வயது முடிந்தபோது டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொன்னார். நான் ஒரு டர்ட் பைக் வாங்கினேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி எஸ்தர் கேட்டாள். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டர்ட் பைக் என்றால் காடு, மேடு, சகதி என்று போவதற்கான வண்டி. ஒல்லி உடம்பு, உயரமான சீட், பல் பல்லாக டயர். நான் வாங்கிய பிறகு அது ஒல்லியாக இல்லை. கைக்குக் காவலாக ஹேண்ட் கார்டு மாட்டினேன். எஞ்சினுக்குக் கீழே தகடு, பக்கத்தில் கம்பி கார்டு, முன்னால் இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஹெல்மெட்டில் கேமரா. சஸ்பென்ஷனை மாற்றினேன். போன் வைக்க ஒரு பிடி. எஸ்தர் ஒருநாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் மரத்துக்கு இதைவிடக் குறைவாகத்தான் மாட்டுவோம் என்றாள்.

இதிலெல்லாம் என் கண்ணான கண் எது தெரியுமா? டயர் சென்சார். டயரில் காற்று அடிக்கிற வால்வுக்கு மூடி இருக்கும் இல்லையா? அந்த மூடிக்குப் பதிலாக இதைத் திருகிவிட வேண்டும். உள்ளே எவ்வளவு காற்று என்று போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். குறைந்தால் ஒரு பெண் குரல் எச்சரிக்கும். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அதைத் தமிழுக்கு மாற்றினேன். போனை சைலண்டில் போட்டாலும் அலற வேண்டும், நான் கவனிக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலற வேண்டும் என்றும் செட்டிங் வைத்தேன். பாதுகாப்பு முக்கியம் பாருங்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அது, ‘கவனம். முன் சக்கரத்தில் காற்று குறைவு’ என்றது. எஸ்தர் ரசத்தை என் கையில் ஊற்றிவிட்டாள்.

சமாதானபுரத்தில் என் மெக்கானிக் ராஜாமணி அண்ணாச்சி ஷெட் வைத்திருக்கிறார். நான் கொண்டுபோகிற சாமானையெல்லாம் பேசாமல் மாட்டித் தருவார். சென்சாரைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தார்.

“சார், மாட்டுததெல்லாம் மாட்டிட்டிய. இருக்கதை எப்ப தொடைக்கப் போறிய?”

செயின் காய்ந்து கிடந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பழைய டஸ்டர் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை. ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டால் யாராவது பார்ப்பார்களா? போட்டோ எடுத்து பைக் குரூப்பில் போட முடியுமா? எல்.இ.டி. மாட்டினால் முப்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

சரி, கவருக்கு வருகிறேன்.

எங்கள் சபைகளில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பார்கள். பெண் ஊர்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும். பெண் வீட்டுச் சபையின் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம்) கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த தாள் மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே வாசிப்பு.

என் அக்கா மகள் பிரின்சிக்கு மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர். ஊர், தேரிக்கு அந்தப் பக்கம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்கள் ஆரம்பிக்க சரியாக மூன்று ஞாயிறுதான் பாக்கி. லெந்து தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் வைக்க மாட்டோம். ஈஸ்டருக்கு மாப்பிள்ளை நடுக்கடலில் இருப்பார். திரும்பி வர அடுத்த வருடம் ஆகும். ஆக, மூன்று ஞாயிற்றில் ஒன்று தவறினாலும் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போய்விடும். மேலிடத்தில் விசேஷ அனுமதி வாங்கி ஓலையைச் சுருக்கலாம்தான். ஆனால் அவசரக் கல்யாணம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? விரல் விட்டு மாதக் கணக்குப் போடும்.

எங்கள் ஐயர் வெளியூர் போயிருந்ததால் தாள் சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது. மாப்பிள்ளை ஊர் ஐயருக்கு நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். முத்திரை வைத்த தாளை வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன், போனை வைத்துக்கொண்டு வாசிக்க மாட்டேன் என்று பதில் வந்தது. அத்தானுக்கு முழங்கால் முட்டு ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கிறார். மிச்சம் இருப்பது யார்? தாய்மாமன்.

அக்கா அந்தக் கவரை என் கையில் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எஸ்தர் காரில் போகச் சொன்னாள். தார் ரோட்டில் சுற்றிப் போனாலும் எட்டு மணிக்குப் போய்விடலாம், ஆராதனை ஒன்பது மணிக்குத்தானே என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடமாக டர்ட் பைக்கை வைத்துக்கொண்டு நான் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன். இதோ, தேரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். நடுவே மணல். கையில் அவசரச் செய்தி. இதற்குத்தானே ஐயா இத்தனையும் மாட்டியது?

ஆறு மணிக்குக் கிளம்பினேன். தை மாதத்துக் காலை, நல்ல குளிர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் டீ குடிக்க நின்றேன். பையிலிருந்து குரல் வந்தது. பின் சக்கரத்தில் காற்று குறைவாம். குளிரில் காற்று சுருங்கும், அழுத்தம் குறையும். இதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான். வெயில் ஏறினால் தானாகச் சரியாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என்னிடம் புதிதாக வாங்கிய கையடக்க எலெக்ட்ரிக் பம்ப் இருந்தது. டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அடித்தேன். முன்னாலும் அடித்தேன். வழியில் மறுபடி தொந்தரவு வேண்டாம் என்று இரண்டிலும் கொஞ்சம் கூடவே அடித்தேன். போனில் எல்லாம் பச்சை.

தார் முடிகிற இடத்தில் கேமராவை ஆன் செய்தேன். எழுந்து நின்று ஓட்ட வேண்டும் என்று வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். நின்றேன். முதல் ஒரு ஃபர்லாங் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் மணல் ஆழமானது. முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு இடமும் வலமும் போயிற்று. பயத்தில் முன் சக்கரத்தையே பார்த்தேன். பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றி, குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. மீட்டரில் ஏதேதோ மோடு இருக்கிறது. எதை அணைக்க வேண்டும், எதைப் போட வேண்டும்? போனில் மேனுவலைத் திறந்தேன். சிக்னல் இல்லை. கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

அந்த வீடியோவை அப்புறம் பார்த்தேன். ஒன்பது நிமிடம் வெறும் வானம். நடுவில் ஒரு பருந்து.

அந்த ஒன்பது நிமிடமும் நான் யோசித்தது பிரின்சியை. பைக்கில் போவதாகச் சொன்னதும், ‘மாமா, பாத்துப் போங்க’ என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. வண்டிக்கு அடியிலிருந்து காலை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நடந்தே போனால்? நாலு மைலாவது இருக்கும். இந்தக் கவசங்களோடு மணலில் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர முடியாது. எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதுதான் அந்த மொபெட் சத்தம்.

ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு. காலடியில் நாலு தட்டு முட்டை, பின்னால் கேரியரில் ஆறு தட்டு முட்டை, எல்லாம் பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தது. அந்த மணலில் வண்டி ஆடவில்லை, அலையவில்லை. பிரேக்கே பிடிக்காமல் தானாக வேகம் குறைந்து கெட்டித் தரையாக ஒரு இடம் பார்த்து நின்றது.

“அண்ணாச்சி, உயிரு இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“அப்பம் சாவியத் திருப்பி அமத்துங்க. பெட்ரோல் ஒழுவுது.”

அவர் பெயர் தங்கபுஷ்பம். மாப்பிள்ளை ஊர்தான். இந்தப் பக்கக் கோழிப் பண்ணையிலிருந்து முட்டை வாங்கி, தினமும் தேரி வழியாகக் கொண்டுபோய் ஊர்க் கடைகளுக்குப் போடுகிறார். சுற்றிப் போனால் பெட்ரோலுக்குக் கட்டாதாம். இதையெல்லாம் அவர் என்னைத் தூக்கிவிட்டு, வண்டியையும் தூக்கி நிறுத்திக்கொண்டே சொன்னார். நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வண்டி நின்றது. பின் சக்கரம் குழியிலேயே இருந்தது. நான் ஸ்டார்ட் பண்ணப் போனேன். அவர் தடுத்து, எதிர்ப்பக்கமாக வண்டியைப் படுக்கப் போடச் சொன்னார். படுக்கப் போட்டால் சக்கரம் குழியை விட்டு வெளியே வரும், குழியை மூடிவிட்டு நிமிர்த்தலாமாம். எனக்குப் பதறியது. கம்பி கார்டில் கீறல் விழுமே என்றேன்.

அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்பம் இதை என்னத்துக்கு மாட்டியிருக்கிய?”

நியாயமான கேள்வி. ஞாயிறு தோறும் அந்தக் கம்பியைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான். படுக்கப் போட்டோம். காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினோம். நிமிர்த்தினோம். அவர் குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் அமுக்கினார். அமுங்கவில்லை.

கல் மாதிரி இருக்கிறதே என்றார். நான் போனை எடுத்துக் காட்டினேன். முன்னால் பச்சை, பின்னால் பச்சை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று விளக்கினேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இது எந்த ரோட்டுக்குச் சொல்லுது?”

தார் ரோட்டுக்கான அளவை அதில் போட்டு வைத்தது நான். அது பாவம், நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

உங்களிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டகத்தின் பாதம் ஏன் அகலமாக இருக்கிறது? பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், மணலில் புதையாது. இதை இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். போர்டில் ஒட்டகம் வரைவேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதாத பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருக்கிறேன். காற்றைக் குறைத்தால் டயர் ஒட்டகப் பாதம் மாதிரி அகலும் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பெஞ்சில் ஏறி நிற்பது?

தங்கபுஷ்பத்தின் டயர் தளர்ந்து, தரையில் பரவி உட்கார்ந்திருந்தது. தார் முடிகிற இடத்தில் தினமும் காற்றை இறக்குகிறார். அந்தப் பக்கம் தார் ஏறியதும் கைப்பம்பால் அடித்துக்கொள்கிறார். எவ்வளவு இறக்குவது? மீட்டர் உண்டா என்று கேட்டேன். சாவி முனையால் வால்வை அமுக்கிக்கொண்டு, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கி ‘ஆமென்’ என்று முடிகிற பரமண்டல ஜெபத்தைச் சொல்வாராம். முன் டயருக்கு ‘ராஜ்யம்’ என்ற வார்த்தை வரைக்கும். பின் டயருக்கு ‘ஆகாரம்’ வரைக்கும். எல்லா நாளும் ஒரே அளவாக வரும், முட்டையும் உடையாது.

“முட்டைதான் எனக்கு மீட்டரு. ஒண்ணு விரிசல் விட்டாலும் காத்து கூடிப்போச்சுன்னு தெரிஞ்சிரும்” என்றார். பிறகு என் டயரைப் பார்த்தார். “ஒங்களுக்கு டயரு பெரிசுல்லா. ஆமென் வரைக்கும் விடுங்க.”

சென்சாரைக் கழற்றினேன். மணலில் முட்டி போட்டு சாவியால் வால்வை அமுக்கினேன். இவ்வளவு பயபக்தியோடு நான் அந்த ஜெபத்தை எந்தக் கோயிலிலும் சொன்னதில்லை. முடித்ததும் பேனாவுக்கு மூடி போடுகிற பழக்கத்தில் சென்சாரை மறுபடியும் திருகிவிட்டேன். அந்தப் பழக்கத்தின் பலனை அப்புறம் சொல்கிறேன். போனை சைலண்டில் போட்டு முதுகுப் பைக்குள் வைத்தேன்.

இவ்வளவு அவசரமாக எங்கே போகிறீர்கள் என்று தங்கபுஷ்பம் கேட்கவில்லை. தானாகவே ஊர்க்கதை சொன்னார். இன்றைக்குக் கோயிலில் கப்பல்காரத் தம்பிக்கு ஓலை வாசிக்க வேண்டியதாம். பெண் வீட்டிலிருந்து தாள் இன்னும் வந்து சேரவில்லையாம்.

“பொண்ணு வீட்டுல மனசு மாறிட்டாவளோன்னு நேத்தே பேசிக்கிட்டாவ. அந்தத் தம்பியோட அம்மா ராத்திரி சாப்பிடல.”

நான் பையைத் தொட்டுக் காட்டி, அந்தத் தாள் இதில்தான் இருக்கிறது என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஹெல்மெட், கேமரா, கவசம், பூட்ஸ்.

“நீங்கதான் தாய்மாமனா?”

அந்தக் கேள்வியில் மரியாதை எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் மொபெட்டைக் கிளப்பினார். பின்னால் வாருங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், கையை இறுக்காதீர்கள் என்றார். பத்தடி போய்த் திரும்பி, தூரத்தில் உடைமரங்களுக்கு மேலே கையைக் காட்டினார்.

“அங்கன கோயில் கோபுரம் தெரியுதுல்லா, அதைப் பாருங்க. மணலைப் பாக்காதிய. கீழ பாத்தா கீழதான் போவிய.”

பார்த்தேன். கோபுரத்தை மட்டும் பார்த்தேன். வண்டி ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். தானாக நேரானது. நம்புங்கள், அதே வண்டிதான், அதே மணல்தான், அதே ஐம்பத்திரண்டு வயசுதான். முன்னால் பத்துத் தட்டு முட்டை. பின்னால் நான். ஓரிடத்தில் என்னை மீறி ஒரு சத்தம் போட்டேன். சந்தோஷத்தில்தான். கேமராவில் அதுவும் பதிவாகியிருக்கிறது. எஸ்தர் அதை ஆடு கத்துவதாக நினைத்தாள்.

புதுச் சாமான் எல்லாம் வீண் என்று முடித்துவிட்டால் பத்தி சுலபமாக முடியும். ஆனால் அது பொய். நடுவில் இரண்டடிப் பள்ளம் ஒன்று வந்தது. என் சஸ்பென்ஷன் அதை வாங்கி விழுங்கியது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கபுஷ்பத்தின் மொபெட் அதில் தடாலென்று இறங்கி ஏறியது. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முதுகுதான் அதை வாங்கியது. இரவானால் நடுமுதுகு தீயாக எரியும் என்று அப்புறம் சொன்னார். இந்த மாதிரி ஸ்பிரிங் தனக்கு இருந்தால் இருபது தட்டு ஏற்றுவேன் என்றும் சொன்னார். சாமானுக்கும் சாமர்த்தியத்துக்கும் சண்டை என்று நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாமர்த்தியம் உள்ளவர்கள் சாமான் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்கிறார்கள்?

ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது கோயில் வாசலில் நின்றேன். பக்கவாட்டுக் கதவை ஒட்டிப் பூவரச நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, கவசங்கள் கடகடவென்று மோத ஓடினேன். ஐயர் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். வயதானவர், கண்டிப்பானவர். கவரைப் பிரித்தார். கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

கவசத்தைக் கழற்ற நேரமில்லை. பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மேலிருந்து சிவப்பு மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் என்னை ஒரு வீரன் என்றே நினைத்தேன். முட்டையைக் கடையில் போட்டுவிட்டுத் தங்கபுஷ்பமும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. ஐயர் தாளை விரித்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றோர் பெயர். இது முதலாம் முறை என்றார். இவர்கள் திருமணத்துக்கு ஏதாவது தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்தினார்.

இந்த இடத்தில் எல்லாக் கோயிலிலும் ஒரு அமைதி வரும். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

“கவனம். பின் சக்கரத்தில் காற்று குறைவு.”

என் பையிலிருந்துதான். வண்டி கதவுக்கு வெளியே எட்டடியில் நின்றது. சென்சார் தன் கடமையைச் செய்தது. தேரியில் அலறியிருந்தால் ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கேட்டிருக்காது, சைலண்டையும் மீறி அலறச் சொன்னதோ நான்தான். தெளிவான, அழகான தமிழ். அதை நான் ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் பாதிப் பேருக்காவது புரியாமல் போயிருக்கும்!

சபை முழுவதும் திரும்பியது. நான் பையைக் கட்டிப்பிடித்தேன். “கவனம். முன் சக்கரத்தில் காற்று குறைவு” என்றது பை. தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஐயர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் போனை அணைக்கும் வரை பொறுமையாக இருந்தார்.

“அதைத் தவிர வேறே தடை உண்டா?” என்று சபையைக் கேட்டார்.

கோயில் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஆராதனை முடிந்து வெளியே வந்து, பம்பை எடுத்து டயருக்குக் காற்று வைத்தேன். பொத்தானை அமுக்கினால் போதும், தானாக அடித்துத் தானாக நின்றுவிடும். தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். சோதிப்பது போல என் பின் டயரை அமுக்கினார், பம்பை வாங்கிப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். தினமும் தார் ஏறியதும் கைப்பம்பை எத்தனை அடி அடிக்கிறார் என்று கேட்டேன். எண்ணினால் அடிக்க மனசு வராது, அதனால் எண்ணுவதில்லை என்றார். அந்தப் பம்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னார். இந்தக் கல்யாணத்தில் தாய்மாமன் செய்த முதல் சீர் அதுதான்.

வீட்டுக்குத் தார் ரோட்டில் சுற்றி வந்தேன்.

மறுநாள் ராஜாமணி அண்ணாச்சி ஏர் ஃபில்டரைக் கழற்றினார். ஒரு கைப்பிடி சிவப்பு மணல். அதை என் கையில் கொட்டினார். அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து நானே கழுவினேன். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை. வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும்போது சத்தமே மாறியிருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். நல்ல வேளை, அந்த ஊர்ச் செய்தி இன்னும் அவளுக்கு வந்து சேரவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டாள்.

“ஏலே, ஓலை வாசிக்கையில ஒருத்தரும் தடை சொல்லலல்லா?”

“யாரும் சொல்லலக்கா” என்றேன்.

தடையே கடைசிப் பெஞ்சில் முட்டுக்கவசத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?